பல்வலிதானே என்று காத்திருந்தவர்

சென்ற மாதம், நான் வேலை பார்த்த மாவட்ட மருத்துவமனையிலிருந்து ஓர் அழைப்பு. அவசரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்குப் பல் சம்பந்தமாக ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றார்கள். அந்த அவசரப் பிரிவிலேயே இப்போது பல் நோயாளிகளுக்கென்று தனியாக ஒரு சிகிச்சை நாற்காலி போட்டிருக்கிறார்கள். நான் வேலையில் இருந்தபோது எத்தனையோ முறை கேட்டும் வராத நாற்காலி. அதைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுத்தான் பேசவே உட்கார்ந்தேன்.

பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் டாக்டர் கையைத் தூக்கினார்.

“சார், பல்லு வலியில யாராவது செத்துப் போவாங்களா?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். “போவாங்கம்மா” என்றேன். சிரிப்பு நின்றது. அடுத்து பேச வேண்டியவர் வாசலில் வந்து நின்றுவிட்டதால் அதற்கு மேல் அன்று சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பல் மருத்துவன் ஆனதில் பெரிய கதை ஒன்றும் கிடையாது. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். டாக்டர் படிப்புக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது, பல் மருத்துவம் கிடைத்தது. “பல்லு டாக்டருக்கா படிக்கிற?” என்று ஊரில் கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். படித்து முடித்து, பல வருடம் தனியார் கிளினிக்குகளில் உழைத்து, நாற்பதை நெருங்கும்போதுதான் அரசு வேலை வந்தது. சேர வந்த அன்று பல் பிரிவின் தலைமை டாக்டரைப் பார்க்கப் போனால், என்னைவிட எட்டு வயது சின்னவரான ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். டாக்டர் நஸ்ரின். நாகூர்க்காரர். வணக்கம் சொல்லும்போது என் கை பாதியில்தான் நின்றது. அதை அவர் கவனித்திருப்பார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“சார், கை வேலையில உங்களுக்கு என்னைவிட அனுபவம் அதிகம். ஆனா இந்த ரூம்ல ஒரு பழக்கம் இருக்கு. அத மட்டும் விட்டுடாதீங்க” என்றார்.

அந்தப் பழக்கம் இதுதான். எந்த நோயாளியாக இருந்தாலும், பல்லைத் தொடுவதற்கு முன்னால் நான்கு காரியம். பேரும் ஊரும் சொல்லச் சொல்ல வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லி எத்தனை விரல் நுழையும் என்று பார்க்க வேண்டும். நாக்கை வெளியே நீட்டச் சொல்ல வேண்டும். எச்சிலை விழுங்கச் சொல்லி, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் நாற்காலியைச் சாய்க்கலாம். வாசல் வரை வரிசை நிற்கிற ஓ.பி.யில் இது சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி எனக்குப் பட்டது. மேடம் பக்கத்தில் இருந்தால் செய்வேன். இல்லாவிட்டால் பாதி நாள் விட்டுவிடுவேன்.

இன்னொன்றும் அவரிடம் எனக்குப் பிடிபட நாளாயிற்று. “வலிக்காது” என்று யாரிடமும் சொல்ல மாட்டார். “இப்ப வலிக்கும், மூணு எண்ணுறதுக்குள்ள போயிடும்” என்பார். சொன்னபடியே மூன்றில் போய்விடும். போகாவிட்டால் கையை எடுத்துவிடுவார். ஊசியை எடுக்கும்போது மட்டும் உதடு லேசாக அசையும். பிஸ்மில்லாஹ் சொல்கிறார் என்று பிறகு தெரிந்தது.

அவர்மேல் எனக்கு இருந்த கோணல் நிமிர்ந்தது பாலு வந்த அன்று.

பாலு தாராசுரத்துக்காரர். அறுவடை மிஷின் ஓட்டுகிறவர். சம்பா அறுப்புக்காக மிஷினோடு எங்கள் பக்கம் வந்திருந்தார். ஆறடி ஆள், ஐஸ் தண்ணீர் நிறைந்த பெரிய பாட்டிலைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு மடக்கை வாயில் வாங்கி வலப்பக்கமாக ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடுவார். தண்ணீர் வாய்ச்சூட்டுக்கு வந்ததும் துப்பிவிட்டு அடுத்த மடக்கு. இரண்டு நாளாக மிஷினில் உட்கார்ந்தும் இதே வேலைதானாம்.

“டாக்டர், தண்ணி தீந்துச்சுன்னா நான் செத்தேன். இந்தப் பல்லு. மேல. பிடுங்கி எறிங்க.”

அவர் விரல் வைத்த மேல் பல்லில் ஒரு பழைய சொத்தை இருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. மேல் பல் பிடுங்கும் குறடை எடுத்து வைத்துவிட்டேன். மேடம் வந்து, “ரெண்டு நிமிஷம் இருங்க சார்” என்றார். பாலுவிடமிருந்து பாட்டிலை வாங்கினார். கெஞ்சுகிற மாதிரி அவர் பார்த்தார்.

“இப்ப வலி வரும். வரட்டும். எனக்கு அது வேணும்” என்றார் மேடம்.

வந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாலு காலால் தரையை உதைத்தார். மேடம் பஞ்சால் பற்களைத் துடைத்து உலர்த்தினார். ஊசி இல்லாத சிரிஞ்சில் அந்த ஐஸ் தண்ணீரையே எடுத்து, அவர் காட்டிய மேல் பல்லில் ஒரு சொட்டு விட்டார். உதைப்பு நிற்கவில்லை. பக்கத்துப் பல்லில் ஒரு சொட்டு. நிற்கவில்லை. கீழ் வரிசைக்குப் போனார். ஒன்று, இரண்டு. மூன்றாவது, கீழ்க் கடைவாய்ப்பல். சொட்டு விழுந்ததும் பாலு கண்ணைத் திறந்தார்.

“நின்னுடுச்சு.”

இவ்வளவும் நான் புத்தகத்தில் படித்ததுதான். மேல் பல்லின் நரம்பும் கீழ்ப் பல்லின் நரம்பும் ஒரே பாதையில் சேர்ந்துதான் மூளைக்குப் போகின்றன. வலி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று மூளையால் சில சமயம் சொல்ல முடியாது. படித்துத் தேறியிருந்தேன். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கேள்வி கேட்டு, உடம்பு பதில் சொன்னதை அன்றுதான் பார்த்தேன். மேல் பல்லை நான் பிடுங்கியிருந்தால், ஒரு பல்லையும் இழந்து அதே வலியோடு அந்த மனிதர் மறுபடி பாட்டிலைத் தேடியிருப்பார்.

பல்லுக்குள்ளே இருக்கும் சதை வீங்கினால் விரிய இடம் கிடையாது. சுற்றிலும் இருப்பது நம் உடம்பிலேயே கடினமான சுவர். சூடு பட்டால் உள்ளே இன்னும் நெருக்கும், குளிர் பட்டால் கொஞ்சம் தளரும். பாட்டிலின் ரகசியம் அவ்வளவுதான். கதவைத் திறந்துவிட வேண்டும். மேடம் ஊசி போட்டு மரக்க வைத்து, அந்தக் கீழ்ப் பல்லின் நடுவில் துளை போட்டார். கருவியின் சத்தம் திடீரென்று மாறியது, உள் அறை திறந்துவிட்டது. துளையின் வாயில் சீழும் ரத்தமும் கலந்த ஒரே ஒரு சொட்டு ஊறி நின்றது. ஆறடி மனிதரை இரண்டு நாள் ஆட்டி வைத்தது அந்தச் சொட்டு. அதைப் பஞ்சில் ஒற்றி எடுத்து முடிப்பதற்குள் பாலுவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் பயந்துவிட்டேன். மேடம் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “தூங்கிட்டாரு. ரெண்டு நாள் தூக்கம். எழுப்பாதீங்க” என்றார். அடுத்த நோயாளிகளை எல்லாம் பக்கத்து நாற்காலிக்கு மாற்றினோம். ஓ.பி. முடிகிற வரை குறட்டை கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் மேடத்துக்கு நான் வைத்த வணக்கம் முழு வணக்கம். இருந்தும் அந்த நான்கு காரியப் பழக்கத்தில் மட்டும் என் சோம்பல் போகவில்லை. அதற்கு முருகையன் வர வேண்டியிருந்தது.

சித்திரை வெயில். திங்கள்கிழமைக் கூட்டம். கடைசி பெஞ்சில் ஒருவர் தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்கால்களில் கையை ஊன்றி முன்பக்கமாகக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். வேதாரண்யம் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்ப்பவர். பக்கத்தில் அவர் மனைவி வளர்மதி. காலையிலேயே பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார்கள். அவர் முறை வந்தபோதெல்லாம் குழந்தையோடு வந்தவர்களையும் வயதானவர்களையும் முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டியிருக்கிறார். பல்வலிதானே என்று அவரும் நினைத்திருக்கிறார். பதினொரு மணிக்கு என் நாற்காலிக்கு வந்தார்.

“நாலு நாளா வலிங்க. மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் போட்டாருங்க. வலி கொறஞ்சிது, வீக்கம் ஏறிடுச்சு. நேத்துலேருந்து கஞ்சித்தண்ணிகூட எறங்கல” என்றார் வளர்மதி.

துண்டை அவிழ்த்தேன். தாடைக்கடியில் இரண்டு பக்கமும் வீக்கம். சீழ்க்கட்டி என்று முடிவு செய்துகொண்டேன். வெளியே இன்னும் பெரிய வரிசை. பேர் கேட்கவில்லை. விழுங்கச் சொல்லவில்லை. காலால் பெடலை மிதித்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

பாதி சாய்வதற்குள் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அப்படி ஒரு பிடியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. மனிதர் எம்பி எழுந்து முன்னால் குனிந்தார். திறந்த வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. மூச்சு இழுக்கும்போது தொண்டையில் மெல்லிய கீச்சென்ற சத்தம், துருப்பிடித்த கொக்கி திரும்புகிற மாதிரி.

“பயப்படாதீங்க, நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலியே” என்றேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

அந்தச் சத்தம் பக்கத்து அறையில் இருந்த மேடத்துக்குக் கேட்டிருக்கிறது. கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்தார்.

“சார், சேரை நிமித்துங்க.”

நிமிர்த்தினேன். அவர் முருகையன் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு நேராக முகம் வைத்தார்.

“உங்க பேரு?”

“முருகையன்.” வாய் நிறையச் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

“எச்சில முழுங்குங்க பாப்போம்.”

முயன்றார். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர தொண்டை ஏறவில்லை. வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. அந்த இடுக்கில் மேடம் டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கு அதன் இடத்தில் இல்லை. அடியிலிருந்து வீக்கம் தள்ளி, அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மேடம் என் விரலைப் பிடித்து முருகையனின் தாடைக்கடியில் வைத்தார். சீழ்க்கட்டி என்றால் மெத்தென்று இருக்கும். இது பலகை.

மேடம் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

“இவரைப் படுக்க வைக்கக் கூடாது. யாரும். எதுக்காகவும்.”

போன் பறந்தது. ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பிச் சக்கர நாற்காலி கேட்டார். ஆபரேஷன் தியேட்டர் வரை முருகையன் குனிந்து உட்கார்ந்தபடியே போனார். ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு நான் ஓடினேன். கூடவே ஓடி வந்த வளர்மதி, “பல்லு புடுங்கத்தானேங்க வந்தோம்… பல்லு புடுங்கத்தானே” என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

மயக்க மருந்து டாக்டர் பார்த்தார். வாய் வழியாகக் குழாய் நுழைக்க வழியில்லை. மயக்கம் கொடுத்தால் தசை தளர்ந்து, இருக்கிற மூச்சும் அந்த நிமிடமே நின்றுவிடும். காது மூக்கு தொண்டை சர்ஜன் கை கழுவப் போனார். இனி ஒரே வழி, நோயாளி விழித்திருக்கும்போதே, உட்கார்ந்த நிலையிலேயே கழுத்தில் துளை போட வேண்டும்.

அதை அவரிடம் சொல்ல வேண்டிய வேலையை மேடம் வேறு யாருக்கும் விடவில்லை.

“முருகையன், பல்லுல இருந்த கிருமி நாக்குக்கு அடியில பரவிடுச்சு. மூச்சு போற வழிய அது அடைக்குது. கழுத்துல சின்னதா துளை போட்டு, அது வழியா மூச்சு விட வைக்கப் போறோம். மரத்துப் போக ஊசி போடுவோம். ஆனா நீங்க முழிச்சிருக்கணும். ஊசி குத்துறப்ப வலிக்கும். அப்பறம் கொஞ்ச நாளைக்குப் பேச்சு வராது. திரும்பி வந்துடும். சம்மதமா?”

அவர் மேடத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வளர்மதி புடவைத் தலைப்பால் அவர் வாயோர எச்சிலைத் துடைத்துவிட்டு, “சொல்றதக் கேளுங்க” என்றார். முருகையன் தலையை அசைத்தார்.

நான் ஒதுங்கி நின்றேன். எனக்கு அங்கே நிற்கவே தகுதியில்லை என்று தோன்றியது. மேடம் திரும்பிப் பார்த்தார். “சார், பின்னால நின்னு தலையப் புடிச்சுக்குங்க. அவர்கிட்ட பேசிக்கிட்டே இருங்க.”

இரண்டு உள்ளங்கையாலும் அவர் தலையைத் தாங்கிக்கொண்டேன். என்ன பேசுவது? வாய்க்கு வந்தது அவருடைய மூச்சுத்தான். “இழுங்க… விடுங்க… வருது, நல்லா வருது… இழுங்க…” ஒவ்வொரு இழுப்புக்கும் இடையே இருந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. உதடு ஈய நிறமாயிற்று. கத்தி தோலைத் திறந்ததை நான் பார்க்கவில்லை, என் கைக்குள் அவர் தலை கனத்ததைத்தான் உணர்ந்தேன். ஒரு கட்டத்தில் நான் “இழுங்க” என்றபோது ஒன்றும் வரவில்லை. மறுபடி சொன்னேன். வரவில்லை.

அப்போது கழுத்திலிருந்து ஒரு இருமல். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சீறல். சர்ஜன் குழாயை உள்ளே வைத்தார்.

காற்று உள்ளே போனது. வாய் அசையவில்லை, மூக்கு அசையவில்லை. மார்பு மட்டும் முழுசாக, அகலமாக ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. உதட்டில் நிறம் ஊறி வந்ததைக் கண்ணெதிரே பார்த்தேன். நாற்காலியின் கையை இறுக்கிக்கொண்டிருந்த அவர் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சுண்டுவிரல்தான் கடைசியாக விட்டது. தியேட்டரில் இருந்த ஆறு பேரும் சும்மா நின்று ஒரு மனிதன் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறந்ததிலிருந்து யாரும் சொல்லித்தராமல் செய்கிற காரியம். அதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பிறகு அந்தக் குழாய் வழியாகவே மயக்கம் கொடுத்தார்கள். தாடைக்கடியில் இரண்டு பக்கமும் கீறினோம். குடம் குடமாகச் சீழ் வரும் என்று நினைப்பீர்கள். வந்தது இரண்டு தேக்கரண்டி இருக்கும், பழுப்பு நிறத் தண்ணீர். நாற்றம் மட்டும் தியேட்டரையே நிறைத்தது. வடிவதற்கு ரப்பர் பட்டைகளை வைத்தோம். பல்லை எடுக்கும் வேலையை மேடம் எனக்கு விட்டார். வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல். சிரமமே இல்லாமல் வந்துவிட்டது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன். அதன் பக்கவாட்டில் நெல்மணி நுழையும் அளவுக்கு ஒரு கருப்புத் துளை. அவ்வளவுதான். வேர் நுனி, தாடை எலும்பின் உள்பக்கத்தில் வாயின் அடித்தசை ஒட்டுகிற கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்ததால், கிருமி வாய்க்குள் உடையாமல் கழுத்துப் பக்கம் இறங்கிவிட்டது. அரை விரல் மேலே இருந்திருந்தால் ஈறில் ஒரு கொப்புளத்தோடு போயிருக்கும். ரத்தத்தில் சர்க்கரையும் ஏகத்துக்கு ஏறியிருந்தது. தனக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது.

வெளியே வந்து கை கழுவும்போது சொன்னேன்: “மேடம், தப்பு என்னோடது.”

“ஆமா சார்” என்றார். பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன் போல. சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு ஓ.பி.ய நீங்கதான் ஆரம்பிக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, வெளியே வளர்மதி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார்.

மறுநாள் ஆரம்பித்தேன். முதலில் வந்தது பல் சுத்தம் செய்துகொள்ள வந்த ஒரு வங்கி ஊழியர். பேர் கேட்டேன், ஊர் கேட்டேன், விழுங்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஓய்வு பெறும் நாள் வரை அப்படிப் பார்த்தவர்கள் நிறைய.

முருகையன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில் காலையும் மாலையும் போவேன். மூன்றாம் நாள் வீக்கம் தளர்ந்தது. பலகை மறுபடி சதையானது. விழித்திருந்தபோது அவரிடமும் சொல்லிவிட்டேன், அன்று நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் படுக்க வைத்தேன், என் பிழை என்று. பேச்சு வராததால் தாளும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். வெகு நேரம் யோசித்து எழுதினார்: “கையை உடைத்துவிட்டேனா?” அன்று என் மணிக்கட்டைப் பிடித்ததைக் கேட்கிறார். இல்லை என்று கையைச் சுழற்றிக் காட்டினேன்.

ஒரு வாரத்தில் குழாயை அடைத்துப் பார்த்தார்கள். மூக்கு வழியாக மூச்சு ஒழுங்காக வந்தது. ஒரு நாள் பொறுத்துக் குழாயை எடுத்தார்கள். கழுத்தில் துளை, அதன்மேல் ஒரு சின்னக் கட்டு. பேச வேண்டுமானால் அந்தக் கட்டின்மேல் விரலை அழுத்திக்கொள்ள வேண்டும். அப்படி அழுத்திக்கொண்டு அவர் முதலில் பேசியது வளர்மதியிடம். என்ன சொன்னார் என்று கேட்டேன். “சாப்புட்டியான்னு கேக்குறாருங்க” என்று சொல்லி அந்த அம்மா அழுதார்.

தினமும் காலையில் கட்டைப் பிரிக்கும்போது மேடமும் நானும் போய் நிற்போம். பார்க்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. அது தொண்டை சர்ஜனின் வேலை. ஆனாலும் போவோம். முதல் நாள் சுண்டுவிரல் நுழையும். மறுநாள் பென்சில். அப்புறம் ஒரு கடுகு. ஒருநாள் காலையில் பிரித்தால் துளை இல்லை. ஈரமாக ஒரு சின்னச் சுருக்கம் மட்டும் இருந்தது.

முருகையன் நர்ஸிடம் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். விரல் நுனியால் தடவினார். அழுத்திப் பிடிக்காமலே குரல் வந்தது.

“உப்பளத்துல ஒரு கீறல் பட்டா மாசக்கணக்குல ஆறாதுங்க. இது இம்புட்டுச் சுருக்கா மூடிக்கிச்சே. யாரு சார் தச்சது?”

“யாரும் தைக்கலீங்க” என்றேன்.

அவர் நம்பவில்லை. அப்படியானால் நீங்களா தைத்தீர்கள் என்று கேட்பது போல மேடத்தைப் பார்த்தார். மேடம் அந்தச் சுருக்கத்தையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, இல்லை என்று தலையை அசைத்தார்.